அறுநூற்றுப் பதினோராவது வாக்கியம்

என் மகள் இதழினி கணக்கில் நூற்றுக்கு ஏழு வாங்கி வந்த நாளில் எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். பள்ளிக்கூடத்தின் உத்தரவு அது. மதிப்பெண் குறைந்தால் குழந்தையின் முயற்சியைக் கொண்டாட வேண்டும். கொண்டாடிய படத்தை வகுப்பாசிரியைக்கு அனுப்ப வேண்டும். நூறு வாங்கிய பிள்ளையின் வீட்டில் என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்கப் போயிருக்கலாம்.

"இன்னும் தொண்ணூத்தி மூணு வரலை, அவ்வளவுதான்ப்பா. வரும்," என்றாள் இதழினி, முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றபடி.

எனக்குப் பெருமையாக இருந்தது. மகளை நினைத்து அல்ல. 'இன்னும் வரலை, வரும்' என்ற வாக்கியத்தை எழுதியவன் நான்.

கோவையில் இப்போது பள்ளிக்கூடம் போகும் எந்தப் பிள்ளையைத் திருப்பிப் பார்த்தாலும் காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருக்கும். கம்பெனி அதற்கு 'அகத்துணை' என்று பெயர் வைத்தது. ஊர் அதைப் பொட்டு என்றது. கறுப்பாக இருப்பதால் திருஷ்டிக்கும் ஆயிற்று என்று தாய்மார்கள் மறுபேச்சு இல்லாமல் ஒட்ட விட்டார்கள். ஒட்டினால் கம்பெனிக்காரர்கள்தான் எடுக்க முடியும். அது இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமும் இல்லை.

முதல் பெற்றோர் கூட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து பிரியதர்ஷன் என்ற இளைஞன் வந்து விளக்கினான். நல்ல பையன். சிரிக்காத நேரத்தில் அவன் முகம் எப்படி இருக்கும் என்று வெகுநாள் வரை எனக்குத் தெரியாது.

"மனசுக்குள்ள பேசிக்கறப்ப நம்ம தொண்டையும் நாக்கும் வெளிய தெரியாம அசையுதுங்க. பொட்டு அதைப் படிச்சுக்கும். 'நான் மக்கு'ன்னு குழந்தை உள்ளுக்குள்ள ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள அதே குழந்தையோட குரல்ல, எலும்பு வழியா, ஒரு நல்ல வாக்கியத்தைச் சொல்லிடும். இருபது தடவை கேட்டா மனசு தானாவே அந்தப் பக்கம் திரும்பிடுங்க."

பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்து, அப்படியென்றால் இனி நாங்கள் பிள்ளைகளைத் திட்டக் கூடாதா என்று கவலையோடு கேட்டார்.

"தாராளமா திட்டலாம் சார். உள்ள போகாது," என்றான் பிரியதர்ஷன். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

அந்த நல்ல வாக்கியங்களை எழுதத்தான் என்னைப் பிடித்தார்கள். அதற்கு முன்பு நான் வேற்றுமொழித் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். வாயசைவுக்கு ஏற்றபடி எதை வேண்டுமானாலும் சொல்ல வைப்பதில் எனக்குப் பதினோரு வருஷ அனுபவம். நவநீதன் எழுதினால் உதடு ஒட்டும் என்பார்கள். கம்பெனி கொடுத்த வெளிநாட்டுப் பட்டியலில் முதல் வாக்கியமே 'நான் போதுமானவள்' என்று இருந்தது. நம் ஊரில் போதும் என்று சொன்னால் இலையை எடுத்துவிடுவார்கள் என்று சொல்லி அதை அடித்தேன். இப்படியே அடித்து, திருத்தி, ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதினேன்.

ஊரில் வந்த ஒரே புகார் வேறு மாதிரியானது. விருந்தாளிகள் எதிரில் பிள்ளை "நான் அருமையா பாடுவேன்" என்று சொல்லிவிடுகிறது, கண் பட்டுவிடும் என்று தாய்மார்கள் பதறினார்கள். கம்பெனி உடனே 'அடக்கம்' என்று ஒரு வசதியைச் சேர்த்தது. வாசலில் அழைப்பு மணி அடித்தால் பிள்ளைகளின் தன்னம்பிக்கை பாதியாகிவிடும். விருந்தாளி செருப்பு மாட்டியதும் திரும்ப ஏறிவிடும்.

தவறு என்ற தலைப்பில்தான் கொஞ்சம் திணறினேன். 'நான் தப்பு பண்ணிட்டேன்' என்று ஒரு குழந்தை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டால் பொட்டு என்ன பதில் சொல்வது? இரண்டு நாள் யோசித்து எழுதினேன்: 'தப்புன்னு ஒண்ணும் இல்லை. அடுத்த தடவை வேற மாதிரி பண்ணலாம்.' அது அறுநூற்றுப் பதினோராவது வாக்கியம். கம்பெனிக் கூட்டத்தில் படித்தபோது எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். தானாக வந்தது என்றேன். தானாக வரவில்லை, எங்கிருந்து வந்தது என்று சொல்லும் இடம் இன்னும் வரவில்லை.

இப்படி மூன்று வருஷம் நன்றாகத்தான் போயிற்று. இதழினி ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். அவளுடைய நெருங்கிய தோழி காருண்யா. காருண்யாவின் அம்மா பூங்கொடி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் பண்ணை ஒன்றின் கிளையில் வேலை செய்பவர். கிளை எங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது. தகப்பன் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் இலவச இடம்.

மாவட்டக் கண்காட்சிக்காகக் காருண்யா, அம்மாவின் பண்ணையில் வாங்கிய நாற்பது பட்டுப்புழுக்களை ஓர் அட்டைப்பெட்டியில் வளர்த்தாள். எள்ளளவு இருந்ததிலிருந்து விரல் நீளம் ஆகும்வரை மூன்று வாரத்துக்கு மேல் இலை நறுக்கிப் போட்டிருக்கிறாள். கூடு கட்ட மூன்று நான்கு நாள் இருக்கும்போது அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டி வந்தது. பெட்டியையும் ஒரு பை முசுக்கொட்டை இலையையும் இதழினியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எதுவும் சொல்லாமல் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை இலை, எறும்பு ஏறக் கூடாது, கொசுமருந்து பக்கத்திலேயே வரக் கூடாது என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தாள்.

அவர்கள் திரும்பி வந்த நாலாம் நாள் பூங்கொடி எனக்குப் போன் செய்தார்.

"புழுவு நோயோடதான் வந்துச்சுன்னு உங்க பாப்பா மிஸ்கிட்டச் சொல்லுச்சாமாங்க. பண்ணைல நோய் இருந்தா எல்லாத்தையும் அழிக்கோணும்ங்க. ஓனரு என்னைய வேலைக்கே வர வேண்டாம்னு நிறுத்தி வெச்சிருக்காரு. அதான் கேக்கறனுங்க, நெசமாங்களா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். இதழினி கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கேட்டதும் எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய விஷயம் என்று தோன்றினால்தானே. முதல் நாள் இலை போட்டாள். இரண்டாம் நாள் மறந்துவிட்டாள். அன்றைக்குக் கொசுமருந்தைச் செருகியது பெட்டிக்குப் பக்கத்தில். காலையில் எல்லாம் சுருண்டு கிடந்தன. குப்பையில் கொட்டிவிட்டாள்.

"அப்புறம் நோய்னு ஏன் சொன்னே?"

"மிஸ் கேட்டாங்கப்பா. அது சுலபமா இருந்துச்சு."

"அதனால அவங்கம்மாவுக்கு வேலை போகுது, கண்ணு. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தப்புன்னு ஒண்ணும் இல்லைப்பா. அடுத்த தடவை வேற மாதிரி பண்ணலாம்."

மேசை தட்டிய சத்தம் எனக்கு மறுபடி கேட்டது.

பூங்கொடிக்குப் போன் செய்து, நோய் இல்லை, மருந்து பட்டுவிட்டது போலிருக்கிறது என்றேன். யார் வைத்தது என்று சொல்லவில்லை. மருந்து தானே எழுந்து நடந்து வந்து புழுக்களைப் பார்த்துவிட்டுப் போனதுபோல வாக்கியத்தை அமைத்தேன். தொழில் கை கொடுத்தது. ஓனரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் பூங்கொடியை வேலைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் இதழினியைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். அறுநூற்றுப் பதினொன்றை எடுத்துவிடுங்கள் என்று பிரியதர்ஷனிடம் கேட்டேன். அவன் ஏதோ திரையைப் பார்த்துவிட்டு, அதுதான் எல்லாப் பள்ளிகளிலும் அதிகமாக ஒலிக்கும் வாக்கியம் என்றான். எடுத்தால் குழந்தைகள் சோர்ந்துவிடுவார்களாம். ஆசிரியர்களும் அதைப் பழகிக்கொண்டிருக்கிறார்களாம்.

"சரி, என்ற மகளுக்காவது எடுத்து விடு தம்பி. அவளுக்கு மனசாட்சியே ஓடிப் போச்சு. நீங்க ஒட்டின பொட்டு பண்ணின வேலை இது."

அவன் இதழினியைத் திரும்ப உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் ஒரு கருவியைக் காட்டினான். சிரிப்பு நின்றது. முதல் தடவையாக அவன் நிஜ முகத்தைப் பார்த்தேன். என்னைவிடக் களைத்த முகம்.

"சார், இது செத்து ஏழு மாசம் ஆச்சு."

"என்ன?"

"பாப்பாவுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டறீங்களா?"

என் மனைவி சிந்துஜா வெள்ளிக்கிழமை தவறாமல் காலை ஆறு மணிக்கே நல்லெண்ணெய் காய்ச்சி மகளுக்கு உச்சியிலிருந்து காது மடல் வரை தேய்ப்பாள். பொட்டு ஒட்டிய பிறகும் விடவில்லை. தண்ணீரில் ஊறினாலும் கெடாது என்றுதானே அட்டையில் போட்டிருந்தது.

"நீச்சல்குளத்துல மாசக்கணக்கா வெச்சுப் பார்த்தாங்க சார். நல்லெண்ணெய்ல யாரும் வெச்சுப் பார்க்கலை. தண்ணி காஞ்சுடும். எண்ணெய் காயறதில்லை. கேக்கற ஓட்டைல ஒரு சொட்டு இறங்கினாப் போதும், அரை மணி நேரத்துல செவிடாயிடும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்த ஊர்ல பாதிப் பொண்ணுகளுக்கு இப்படித்தான். வெளிய சொல்லிடாதீங்க. ரிசல்ட் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வருது, அதனால யாரும் கேக்கலை."

நான் அசரவில்லை. சாவதற்கு முன்பு பொட்டு அறுநூற்றுப் பதினொன்றை இருபது தடவை சொல்லித் தந்திருக்கும், அதுதான் ஒட்டிக்கொண்டது என்றேன். அவன் அதையும் பார்த்தான். பார்த்து, திரையை என் பக்கம் திருப்பினான். இதழினியின் பொட்டு அந்த வாக்கியத்தை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் வைத்து, அந்த வார்த்தையை எங்கே கேட்டாய் என்று அவளிடமே கேட்டேன்.

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"அம்மா ஆஸ்பத்திரிலேருந்து ஆட்டோல தனியா வந்தாங்கல்ல, அன்னிக்கு. அம்மா அழுதாங்க. நீங்க சாப்பிட்டுட்டே சொன்னீங்க. அப்புறம் எந்திரிச்சுப் போய் நோட்டுல எழுதிக்கிட்டீங்க."

ஏழு வயதில் பார்த்தது. ஒரு சொல் பிசகவில்லை.

சொல்கிறேன். சிந்துஜாவுக்கு ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை நடந்தது. மதியம் நான் போய்க் கூட்டி வருவதாகப் பேச்சு. வாக்கியம் எழுதும் மும்முரத்தில் மறந்துபோனேன். மருந்துச் சீட்டையும் பையையும் ஒரு கையிலும், வயிற்றை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் படியேறி வந்தபோது நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் தப்பு என்று ஒரு தடவை ஒத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றாள். அப்போதுதான் அந்த அருமையான வாக்கியம் என் வாயில் வந்தது. வந்ததும் அதன் அழகு எனக்கே பிடித்துப்போய், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் குறித்து வைத்தேன். அப்புறம் அதை ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் காதிலும் ஊற்றினேன். என் பிள்ளைக்கு மட்டும் கருவி தேவைப்படவில்லை.

அன்று மாலை சிந்துஜா அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்றேன். வசனம் எழுதியே சோறு தின்றவனுக்கு நாலு வார்த்தை வரவில்லை. கடைசியில், நான் தப்பு பண்ணிவிட்டேன் என்றேன்.

"எது?" என்றாள் சிந்துஜா, அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல். "எதுன்னு சொன்னாத்தானே தெரியும். நிறைய இருக்குதுங்களே."

ஆஸ்பத்திரி என்றேன். கை நின்றது. "மூணு வருஷம் ஆச்சுங்க," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. காயை மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதழினி கதவைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில், காருண்யா வீட்டுக்குப் போகலாமா என்று அவளே கேட்டாள்.

ஒற்றை அறை வீடு. பூங்கொடி கட்டிலில் இருந்த துணியை அவசரமாக ஒதுக்கி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மருந்து தானாக வரவில்லை, என் மகள் வைத்தது, அன்றைக்கு நான் போனில் மழுப்பிவிட்டேன் என்று சொன்னேன். இதழினி காருண்யாவின் முன்னால் போய் நின்றாள்.

"நான் தப்பு பண்ணிட்டேன். இலை போடலை. கொசுமருந்து வெச்சதும் நான்தான். நோய்னு பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அதற்குப் பின்னால் வழக்கமாக வரும் வாக்கியம் வருமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

காருண்யா சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள்.

"பரவால்ல இதழி. போனதுன்னு ஒண்ணும் இல்லை. புதுசா ஆரம்பிக்க ஒரு வாய்ப்பு."

எழுநூற்று முப்பத்து நான்கு. இழப்பு என்ற தலைப்பு. உதடு நன்றாக ஒட்டியது.

"அஞ்சாறு நாளா இப்பிடித்தானுங்க சிரிச்சுட்டே இருக்கறா," என்றார் பூங்கொடி. "ஒரு வாய் சோறு எறங்கறதில்லை. தூக்கத்துல மட்டும் இலை, இலைன்னு பெனாத்தறா. கேட்டா, நான் நல்லா இருக்கறேம்மாங்கறா. என்ன பண்றதுன்னே தெரியலீங்க."

பொட்டு கெட்டுப்போனால் இலவச இடம் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் பூங்கொடி மகள் தலையில் எண்ணெயே வைப்பதில்லை. தினமும் உலர்ந்த துணியால் பொட்டைத் துடைத்து வைத்திருக்கிறார். ஊரிலேயே ஒழுங்காக வேலை செய்யும் பொட்டு அதுவாகத்தான் இருக்கும்.

இதழினி காருண்யாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பூங்கொடியிடம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நல்லெண்ணெய் இருக்குதுங்களா?"

பூங்கொடி என்னைப் பார்த்தார். பிரியதர்ஷன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதிப் பெண்பிள்ளைகளுக்கு அது செத்துத்தான் கிடக்கிறது, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, இடம் போகாது என்றேன். அவர் மகளின் சிரிப்பை ஒரு தடவை பார்த்தார். எழுந்து போய்ச் சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வந்து, காருண்யாவை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

சூடு காட்டாத எண்ணெய். உச்சியில் வைத்துத் தேய்த்து, காது மடலைச் சுற்றி, கடைசியில் பொட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினார். காருண்யா சிரித்துக்கொண்டே, கூச்சமாக இருக்கிறது என்றாள். புதிய புழு வாங்கலாம், பெட்டிக்கு வேறு வண்ணம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து நடுவில் நிறுத்தினாள். காதைத் தடவிப் பார்த்தாள். உதடு நடுங்கியது.

"நாப்பதும் செத்துப்போச்சாம்மா?" என்றாள்.

"ஆமா சாமி."

அழுதாள். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு அழுகை இருக்கும் என்று நான் எழுதிய எந்தத் தலைப்பிலும் இல்லை. பூங்கொடி அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். கொஞ்சம் அடங்கியதும் காருண்யா மடியிலிருந்து இறங்கி வந்து, எண்ணெய்க் கையால் இதழினியின் நெஞ்சில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள்.

"எழுதி ஒட்டியிருந்தேன்ல? போ. இனிமே என்ற கூடப் பேசாத."

இதழினி சுவரில் மோதி நின்றாள். திருப்பித் தள்ளவில்லை. பூங்கொடி உலையில் இருந்த சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து வந்தார். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது காருண்யா விசும்பலுக்கு நடுவே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பேருந்தில் இதழினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சட்டையில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்திருந்தது. என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று, நல்ல வாக்கியம்தான். விழுங்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க, புள்ளை எதுக்கு அழுவுது?"

"தப்பு பண்ணிட்டாளுங்க," என்றேன்.

அவர் எட்டி அவளை ஒரு தடவை பார்த்தார்.

"நல்ல புள்ளைங்க," என்றார்.